நோட்டை மூடிவிட்டுப் பேசச் சொல்லுங்கள்

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகளாகின்றன. திருப்பூரில் இருக்கிறேன். எங்கள் தெருக் கோடியில் உள்ள லைன் வீடுகளில் இப்போது குடியிருப்பவர்கள் எல்லாரும் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்கள். மாலையில் பிள்ளைகள் வாசலில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், ஐந்து மாதமாக என் வீட்டு முன் அறையில் உட்காரவைத்து வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறேன். இப்போது பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாரும் ஹிந்திப் பிள்ளைகள். எனக்கு ஹிந்தி தெரியாது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் முத்து முத்தாக எழுதுகிறான். தெருவில் தமிழில் சண்டை போடும் அளவுக்குப் பேச்சும் வந்துவிட்டது. ஆனால் தான் எழுதியதில் ஒரு வரியை வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறான். இவன் வீட்டில் நம் பழைய சோறு போலவே ஒன்றைச் சாப்பிடுகிறார்கள் என்பதைத் தவிர அவனைப் பற்றி எனக்கு அதிகம் தெரியவில்லை. அவன் அக்கா கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பாதி நாள் வருவதில்லை. எட்டு வயதுப் பெண் ஒருத்திக்குப் பழைய பள்ளியின் டி.சி. இல்லை என்று இன்னும் சேர்க்கை ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், ‘நம்ம பிள்ளைகளை விட்டுவிட்டு இவர்களுக்கு ஏன்?’ என்று கேட்கிறார். பல நாள் நான் விடையைச் சொல்ல, அவர்கள் எழுத, வீட்டுப்பாடம் முடிகிறது. இதனால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா? நான் ஹிந்தி கற்றுக்கொள்ள வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள அம்மா,

கடிதத்தின் கடைசியில் நீங்களே உங்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் சொல்ல அவர்கள் எழுதுகிறார்கள் என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் வேலை செய்தவர் நீங்கள். பிள்ளைகள் பிரதி எடுத்தார்கள். அதற்காக வருந்த வேண்டாம். முப்பத்திரண்டு ஆண்டு தொடக்கப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சியிலும் இருந்த நானே இதை வெகுநாள் செய்திருக்கிறேன். முடிந்த நோட்டைப் பார்த்து ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நமக்கும் நிம்மதி. பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பையனிடமிருந்து தொடங்குகிறேன். முத்து முத்தான கையெழுத்தை நம்பாதீர்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது அவனைப் பொறுத்தவரை கோலம் போடுவது மாதிரி. வளைவைப் பார்த்து வளைவை இழுக்கிறான். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அவன் எழுதிய வரியின் முதல் சொல்லை விரலால் மறைத்துவிட்டு, நடுவில் இருக்கும் ஒரு சொல்லைக் காட்டி என்ன என்று கேளுங்கள். பிறகு அதே எழுத்துகளை வேறு வரிசையில் துண்டுத் தாளில் எழுதிக் கேளுங்கள். எந்த எழுத்தில் தடுக்குகிறான் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த எழுத்துதான் அவனுடைய பாடம். நான்காம் வகுப்பு அறிவியல் புத்தகம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

தெருவில் சண்டை போடுகிறான், வகுப்பில் வாயடைத்துப் போகிறான் என்பதில் முரண்பாடு இல்லை. கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர், அன்றாடப் பேச்சுமொழி வேறு, பாடமொழி வேறு என்று 1979-இல் பிரித்துக் காட்டினார். விளையாட்டிலும் கடையிலும் பேசும் மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வந்துவிடுகிறது. பாடப் புத்தக மொழியில் வகுப்புத் தோழர்களை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகிறது என்பது அவர் கண்டது. ஆங்கிலத்துக்கே இந்த நிலை என்றால், பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் ஆறே ஓடும் நம் தமிழை நினைத்துப் பாருங்கள். அவன் தெருவில் கற்றது ‘வந்துச்சு’. புத்தகத்தில் இருப்பது ‘வந்தது’. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கே இது இன்னொரு மொழி மாதிரிதான். ஆனால் அதன் காதில் செய்தியும் கதையும் கோயில் ஒலிபெருக்கியும் பிறந்தது முதல் விழுந்துகொண்டிருக்கின்றன. இவனுக்கு அது கிடையாது. சரளமாகப் பேசும் பிள்ளையைப் பார்த்து ‘தமிழ் வந்துவிட்டது, படிப்புதான் வரவில்லை’ என்று ஆசிரியர்கள் முடிவு கட்டுவது இங்கேதான். மொழிக் குறை அறிவுக் குறையாகிவிடுகிறது.

அந்த முடிவை நானும் ஒருமுறை கட்டியிருக்கிறேன். கல்குவாரியில் வேலை செய்ய வந்த தெலுங்குக் குடும்பத்துப் பையன் ஒருவன் என் வகுப்பில் நான்கு மாதம் வாயே திறக்கவில்லை. ‘மந்தம்’ என்று பதிவேட்டில் எழுதினேன், என் கையெழுத்துதான். ஒரு மதிய இடைவேளையில் புளியமரத்தடியில் தன் தங்கைக்கு அவன் தெலுங்கில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். ராஜா குரல், கிழவி குரல், குதிரை எல்லாம் தனித்தனியாக வந்தன. சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. புது மொழிக்குள் வந்து விழுந்த பிள்ளை சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் பதினொரு பேரில் பேசாத பிள்ளை இருந்தால் அவசரப்படுத்தாதீர்கள்.

‘எல்லாரும் ஹிந்திப் பிள்ளைகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். பீகாரிலிருந்து வரும் பிள்ளையின் வீட்டு மொழி பெரும்பாலும் போஜ்புரி, மைதிலி, மகஹி இவற்றில் ஒன்று. ஹிந்தி அவனுக்குப் பள்ளிக்கூடத்து மொழி. ஜார்க்கண்டிலிருந்து வருபவன் சந்தாலி பேசலாம். ஒடிசாக்காரனும் வங்காளியும் ஹிந்திப் பிள்ளை என்று அழைக்கப்பட்டு அழைக்கப்பட்டு, திருத்துவதையே விட்டிருப்பார்கள். மும்பையில் நம்மை எல்லாம் ‘மதராசி’ என்றபோது நமக்கு எரிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. எந்த மொழி என்று தெரிந்தால், எந்த எழுத்தில் தடுக்கும் என்பது முன்கூட்டியே தெரியும்.

ஹிந்தி வாசித்துப் பழகிய பிள்ளைக்கு எகரக் குறிலும் ஒகரக் குறிலும் கிடையாது. ‘கொடு’வைக் ‘கோடு’ என்றும் ‘எட்டு’வை ‘ஏட்டு’ என்றும் வாசிக்கும். எட்டாம் வாய்ப்பாட்டில் போலீஸ்காரர் வந்து நிற்பார், சிரித்துவிடாதீர்கள். சொல் கடைசியில் புள்ளி வைக்கவும் அது மறக்கும், ஏனென்றால் ஹிந்தியில் ‘ராம’ என்று எழுதிவிட்டு ‘ராம்’ என்றுதான் வாசிப்பார்கள். ஒடியாவிலும் வங்காளத்திலும் இகரம், உகரம் இரண்டுக்கும் எழுத்தில் குறில் நெடில் உண்டு, பேச்சில் வேறுபாடு மறைந்துவிட்டது. அந்தப் பிள்ளை ‘விடு’, ‘வீடு’ இரண்டையும் ஒன்றாகச் சொல்லும். ஆனால் ஒடியாவில் ணகரமும் ளகரமும் உண்டு. அதில் பீகார்ப் பிள்ளையைவிட அது முந்திக்கொள்ளும். ழகரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். நம்மில் பாதிப் பேருக்கு வராததை அவர்களிடம் முதல் ஆண்டிலேயே வசூலிப்பது நியாயமில்லை.

எல்லாரையும் குழப்புவது நம் ககரமும் பகரமும்தான். அவர்களுக்கு நான்கு ‘க’ உண்டு, நமக்கு ஒன்று. ‘தம்பி’யில் ஏன் ஒரு மாதிரி, ‘பாப்பா’வில் ஏன் வேறு மாதிரி என்று கேட்டால் ‘அப்படித்தான்’ என்று சொல்லிவிடாதீர்கள். மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் மெலிந்து ஒலிக்கும்: தம்பி, சங்கு, பந்து. இரட்டித்தால் வலிந்து ஒலிக்கும்: பாப்பா, பக்கம், பத்து. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த விதியை யாரும் சொல்வதில்லை, காதே சொல்லிவிடுகிறது. இவர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லிக் கொடுத்த மறுவாரமே வாசிப்பு வேகம் பிடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கணக்கில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஹிந்தியில் நூறு வரை எண்களின் பெயரை ஏறக்குறைய ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டும். அதுவும் ‘பச்சீஸ்’ என்பதில் ஐந்து முன்னால் வருகிறது, இருபது பின்னால் வருகிறது. தமிழில் இருபத்தைந்து என்று சொன்னாலே 2, 5 என்று எழுதும் வரிசையில் இருக்கிறது. தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் மட்டும் நம் முன்னோர்கள் குறும்பு செய்திருக்கிறார்கள். தொண்ணூறு என்றதும் பிள்ளை நூறை நினைத்துக்கொள்ளும். மற்றபடி கூட்டல் கழித்தல் அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரியாதது ‘ஆளுக்கு’, ‘மீதி’, ‘மடங்கு’, ‘ஆக மொத்தம்’ என்ற சொற்கள். வாழைப்பழக் கணக்கை விட்டுவிட்டு, ‘ஒரு கட்டில் 12 பனியன், அம்மா 15 கட்டு செக்கிங் பார்த்தார்’ என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு மட்டுமல்ல, அம்மாவின் பீஸ் ரேட்டும் சேர்ந்து வரும்.

இனி உங்கள் ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடலாம் என்று சொல்கிறேன். முதலில் தின்ன ஏதாவது கொடுங்கள். கடலை உருண்டை போதும். மதியச் சத்துணவுக்குப் பிறகு அந்த வயிற்றில் ஒன்றும் போயிருக்காது. பெற்றோர் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு திரும்ப ராத்திரி எட்டரை, ஒன்பது ஆகிவிடும். தின்னும் நேரத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டு, அன்று நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். பையன் ‘அம்மா கம்பெனி போச்சு’ என்பான். ஒடியாவிலும் வங்காளத்திலும் வினைச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. அவனுக்கு எல்லாம் போச்சுதான். ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள். ‘ஓ, அம்மா கம்பெனிக்குப் போனாரா?’ என்று சரியான வடிவத்தில் திருப்பிக் கேட்டுவிட்டு, அவன் பார்க்க ‘அம்மா கம்பெனிக்குப் போனார்’ என்று பெரிதாக எழுதுங்கள். அவன் வாயிலிருந்து வந்த விஷயம் என்பதால் அந்த வரியை அவன் வாசித்துவிடுவான். நாளுக்கு மூன்று வரி. மாதம் முடிந்தால் அவனே சொல்லி, அவனே வாசிக்கும் ஒரு புத்தகம் கையில் இருக்கும். நோட்டு விலை இருபது ரூபாய்.

வீட்டுப்பாடத்துக்குக் கடைசி இருபது நிமிடம் போதும். தானாகச் செய்யக்கூடியதை அவன் செய்யட்டும், நீங்கள் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் செய்துவிடுவான் என்றால் அந்தச் சொல்லை மட்டும் கொடுங்கள். எட்டவே எட்டாததை வெறுமையாக விட்டு, ஓரத்தில் ‘இது இன்னும் புரியவில்லை’ என்று எழுதி அனுப்புங்கள். இது உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று தெரியும். வங்கியில் கணக்கு ‘டேலி’ ஆகாமல் வீட்டுக்குப் போகாதவர்கள் நீங்கள்! ஆனால் முழுதாக நிரம்பிய நோட்டு ஆசிரியரிடம் பொய் சொல்கிறது. அவருக்குத் தெரிய வேண்டியது பிள்ளை எங்கே நிற்கிறது என்பதுதான். அதற்கு முன்னால் ஒருமுறை பள்ளிக்குச் சென்று வகுப்பாசிரியரைப் பார்த்துவிடுங்கள். குறை சொல்லப் போகாதீர்கள். ‘இந்த வாரம் இவனுக்கு ஒன்றே ஒன்று கற்றுத்தர வேண்டும் என்றால் எது?’ என்று கேளுங்கள். நாற்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டுபவருக்கு, இப்படிக் கேட்க ஓர் ஆள் வருவதே பெரிய ஆறுதல்.

பதினொரு பேரை ஒருவராகச் சமாளிப்பது அதிகம். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள் வரை ஒப்படைத்தார்கள். ஆனால் அவர்கள் அதே தெருவின், அதே மொழிப் பிள்ளைகள். உங்களுக்கு ஆறேழு பேர் போதும். இல்லையென்றால் பிளஸ் ஒன் படிக்கும் பெண் யாரையாவது கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் உடன் இருப்பது வேறொரு காரணத்துக்காகவும் நல்லது. பிள்ளைகள் வரும் அறையின் கதவு எப்போதும் திறந்திருக்கட்டும், தனியாக ஒரு பிள்ளையை எங்கும் அழைத்துப் போக வேண்டாம், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம். பெற்றோரின் கைபேசி எண் உங்களிடம் இருக்க வேண்டும், உங்களுடையது அவர்களிடம் இருக்க வேண்டும். உடம்பில் காயமோ, சொல்லத் தயங்கும் பயமோ ஒரு பிள்ளையிடம் தெரிந்தால், துருவித் துருவிக் கேட்காமல் 1098-ஐ அழையுங்கள்.

அக்காவின் கதை எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் புதிதல்ல. தாயிடம் ‘பெண்ணைப் படிக்க அனுப்புங்கள்’ என்று உபதேசம் செய்தால் தலையாட்டுவார். மறுநாளும் ஷிப்டுக்குப் போகும்போது குழந்தையை அந்தப் பெண்ணிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். குழந்தைக்கு இடம் தேடுவதுதான் வழி. பக்கத்தில் பால்வாடி எங்கே இருக்கிறது, எந்த வயதிலிருந்து வைத்துக்கொள்வார்கள் என்று விசாரியுங்கள். அதுவரை, குழந்தையையும் தூக்கிக்கொண்டே உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வகுப்பில் கொஞ்சம் சத்தம் இருந்தால் குடிமுழுகிப் போகாது.

டி.சி. இல்லாத பெண் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு டி.சி. வரத் தாமதம் என்பதைக் காட்டியோ, வயதுச் சான்று இல்லை என்பதைக் காட்டியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். பெற்றோரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். சட்டப் பிரிவைச் சொல்லிக் குரல் உயர்த்த வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. தமிழில் பேச ஓர் ஆள் உடன் வந்தாலே பாதி வேலை முடியும். முடியாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது.

சேர்க்கை ஆனாலும் பிள்ளைகள் நடுவில் காணாமல் போவார்கள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகார்க்காரர்களுக்குச் சத் பூஜை. தன்பாத் ரயிலில் நிற்க இடமிருக்காது. இங்கே பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில்தான் ஒடிசாவில் ரஜ பண்டிகை. ஒரு மாதம் கழித்து வரும் பிள்ளை பாதித் தமிழை ஊரிலேயே விட்டுவிட்டு வரும். போகும்போது அந்த மூன்று வரி நோட்டைக் கொடுத்தனுப்புங்கள்; பாட்டிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பாட்டிக்குத் தமிழ் தெரியாது என்பதே அதில் உள்ள வசதி, யாரும் திருத்த மாட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் கேள்விக்கு வருகிறேன். அவரிடம் வாதாடாதீர்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவியபோது, ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு கூட்டம் சேர்ந்ததை அவரும் பார்த்திருப்பார். ஆள் இல்லாமல் திருப்பூர் முதலாளிகள் கையைப் பிசைந்ததும் தெரிந்திருக்கும். அதற்கு மேலும் கேட்டால், மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது என்று சொல்லுங்கள். தாராவிக்குப் பிழைக்கப் போன நம் ஜனங்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். இன்னொன்றும் செய்யலாம்: அவர் வீட்டிலோ தெருவிலோ வாசிக்கத் திணறும் தமிழ்ப் பிள்ளை இருந்தால் அதையும் உட்காரச் சொல்லுங்கள். வாயைத் திறந்து தமிழ் பேசும் ஒரு பிள்ளை நடுவில் இருப்பது மற்ற பிள்ளைகளுக்கு உங்களைவிட நல்ல ஆசிரியர். கேள்வி கேட்டவரின் பேரனாகவே அது இருந்தால் இன்னும் நல்லது.

ஹிந்தி கற்க வேண்டுமா? இந்த வேலைக்காக வேண்டாம்; ஆசை இருந்தால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம். உங்களுக்குத் தேவையானது ஒவ்வொரு பிள்ளையின் மொழியிலும் பத்துப் பதினைந்து சொற்கள், அவற்றையும் அந்தப் பிள்ளையிடமே கேட்டுக் கற்பது. நீங்கள் தப்பாகச் சொல்லி, அது விழுந்து விழுந்து சிரித்து உங்களைத் திருத்தும் அந்த நிமிடத்தில், தப்பாகச் சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது என்று அதற்குப் புரிகிறது. ஏற்கெனவே ஊரில் வாசிக்கக் கற்ற பிள்ளை என்றால் அந்த வாசிப்பையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் திக்‌ஷா செயலியில் பல மாநிலப் பாடப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்தவன் இன்னொன்றில் முதலிலிருந்து தொடங்குவதில்லை.

அந்தப் பையனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் சொல்லும் பழைய சோறு ஒடிசாவில் ‘பக்காளா’. வங்காளத்திலும் அது போல ஒன்று உண்டு. அவன் ஹிந்திப் பிள்ளையே இல்லை என்று நினைக்கிறேன். நாளை அவனிடம், உங்கள் வீட்டில் தண்ணீரை எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். ‘பானி’ என்று வந்தால் அநேகமாக நான் தோற்றேன். ‘ஜோல்’ என்றால் வங்காளம். நுனிநாக்கை மேலே மடித்து ‘பாணி’ என்று சொன்னால் அவன் ஒடியாக்காரன். உங்கள் வீடு, விடு, ஈ, இ எல்லாவற்றையும் அன்று மாலையே எடுத்து வைத்துக்கொள்ளலாம். எதுவென்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.